மரவாள் எடுக்கும்போது முதலில் ரேகையைப் பாருங்கள்

மூன்று வருஷமாகக் கையில் இருந்த பொக்கென், அதாவது ஜப்பானிய வாட்பயிற்சிக்கான மரவாள், போன மாதம் பயிற்சியின் நடுவே முறிந்துவிட்டது. எதிரில் நின்றவர் மேலிருந்து வெட்டினார், நான் ஏந்தித் தடுத்தேன், தினமும் நூறு தடவை செய்கிற அசைவுதான். சடக்கென்று ஒரு சத்தம். முன்பாதியிலிருந்து ஒரு சாண் நீளத் துண்டு அவர் காதோரமாகப் பறந்து சுவரில் மோதி விழுந்தது. இரண்டு விரற்கடை இந்தப் பக்கம் வந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் இரண்டு துண்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பென்சில் சீவினாற்போல் நீளமாக, சாய்வாக முறிந்திருந்தது. மரத்தின் ரேகை, அதாவது நார் ஓடுகிற கோடு, வாளோடு நேராக ஓடாமல், முதுகுப் பக்கம் ஆரம்பித்து ஒரு சாண் தள்ளி விளிம்பில் வந்து வெளியே போயிருந்தது. அந்தச் சாய்விலேயேதான் முறிவு. பலகையை அறுத்த அன்றே அது எங்கே முறியும் என்று முடிவாகிவிட்டது. வாங்கும்போது நான் கவனித்தது நிறத்தையும் வழவழப்பையும்தான்.

மரம் என்பது நீளவாக்கில் ஒட்டிய நார்க்கற்றை. நாரைக் குறுக்கே முறிப்பது பெரும்பாடு, நாருக்கும் நாருக்கும் நடுவே பிளப்பதோ மிகச் சுலபம், விறகு பிளந்து பார்த்த யாருக்கும் இது தெரியும். அதனால் வாளைக் கையில் வாங்கியதும் பிடியிலிருந்து நுனிவரை கோடுகளைக் கண்ணால் பின்தொடருங்கள், பக்கவாட்டில் ஒரு தடவை, முதுகில் ஒரு தடவை. இரண்டையும் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் நேராக இருந்து மறுபக்கம் கோணலாக ஓடுகிற மரம் நிறைய உண்டு. பொக்கென்னுக்கு லேசான வளைவு இருப்பதால், நேரான பலகையிலிருந்து அறுக்கும்போது நுனியிலும் பிடியின் கடைசியிலும் ரேகை கொஞ்சம் வெளியேறத்தான் செய்யும், அது பரவாயில்லை. அடி விழுகிற இடத்தில் வெளியேறினால் வேண்டாம். கணு இருந்தாலும் வேண்டாம். கெட்டியாக வார்னிஷ் பூசியதையும் நான் எடுப்பதில்லை, ரேகை சரியாகத் தெரியாது, வியர்த்த கையில் பிசுபிசுக்கும்.

எந்த மரம் என்று எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், எனக்கு அது இரண்டாவது கேள்விதான். ஜப்பானில் பெரும்பாலும் அங்கே வளரும் பசுமைமாறா ஓக் வகைகள், வெள்ளை ஓக்கும் சிவப்பு ஓக்கும். மியாசாகி மாகாணத்தின் மியாகோனோஜோ ஊர் இந்த வேலைக்கே பேர்போனது, நாட்டின் மரவாள்களில் பெரும்பகுதி அங்கேதான் செய்கிறார்கள். ஆனால் பெயரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. வட அமெரிக்காவின் சிவப்பு ஓக் வேறு மரம். அதன் துளைகள் திறந்தே இருக்கும், ஒரு சிறு துண்டின் முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். ஜோடிப் பயிற்சிக்கு அதை நம்ப மாட்டேன். ஹிக்கரி அருமையானது, கோடாரிக்கும் சுத்தியலுக்கும் பிடி போடுகிற மரம், அதிர்ச்சியைத் தாங்கும். கருங்காலி மாதிரி கனத்த மரங்கள் பார்க்க அழகு, ஆனால் மோதினால் தெறிக்கும். தனியாக வீச வைத்துக்கொள்ளலாம்.

அளவு, கெண்டோ கத்தாவுக்கென்றால் (ஜப்பானிய வாட்கலையான கெண்டோவில் இருவர் வரிசை மாறாமல் செய்கிற பயிற்சி) நீளவாள் சுமார் 102 செ.மீ., குட்டைவாள் சுமார் 55 செ.மீ. காஷிமா ஷின்ரியூ என்கிற பழைய ஜப்பானிய வாட்பள்ளியில் வாள் கிட்டத்தட்ட நேராகவும் தடியாகவும் இருக்கும். உங்கள் ஆசிரியரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

சரி, இந்தத் தடவை வாங்காமல் நானே செய்தேன். முன்பே எடுத்து வைத்திருந்த ஹிக்கரிக் கட்டை, கிளை இல்லை, தண்டு. கிளை தன் எடையைத் தானே தாங்கி வளர்வதால் உள்ளுக்குள் இழுவிசை இருக்கும், காய்ந்ததும் முறுக்கிக்கொள்ளும். ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்திருந்தேன். ரம்பம் நாம் காட்டிய கோட்டில் போகும், ஆப்பு நார் போகிற வழியில் போகும். இரு முனையிலும் மெழுகு பூசி நிழலில் வைத்து, ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்கிற பழைய கணக்குப்படி காயவிட்டிருந்தேன்.

அப்புறம் இழைப்புளி. முதலில் சதுரம், பிறகு எட்டுப்பட்டை, அதற்கப்புறம்தான் முட்டை வடிவம். பிடியிலிருந்து நுனியை நோக்கி இழைத்தபோது சீவல் முழு நீளத்துக்கு நாடா மாதிரி சுருண்டு வந்தது, நுனிக்கு ஒரு சாண் இருக்கும்போது திடீரென்று பிய்ந்து பிய்ந்து வந்தது. வளைவினால் ரேகை அங்கே எதிர்ப்பக்கம் திரும்புகிறது என்று அர்த்தம். இழைப்புளியைத் திருப்பி நுனியிலிருந்து உள்நோக்கி ஓட்டினேன், சத்தமே மாறிவிட்டது, உஸ்ஸென்று வழுக்கிக்கொண்டு போனது. ரேகையைக் கண்ணால் தேடுவதைவிட உளி அலகு சீக்கிரம் சொல்லிவிடுகிறது.

கடைசியாக ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் நார் சிலிர்த்து நிற்கும், அதை மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இரண்டு தடவை இப்படிச் செய்துவிட்டு ஆளிவிதை எண்ணெய் பூசினேன். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், காற்றோடு சேர்ந்து சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், வெளியில்.

இப்போது ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் ஒரு துண்டுப் பஞ்சை வாளின் மேல் நுனிவரை இழுக்கிறேன். சிலாம்பு கிளம்பியிருந்தால் பஞ்சு அங்கே ஒட்டிக்கொள்ளும், உப்புத்தாள் போட்டால் போதும். மோதி மோதி விழுந்த பள்ளத்துக்கு ஈரத்துணி வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் நார் உப்பி ஓரளவு மேலே வரும். ஆனால் கீறல் தெரிந்தால், தலைமுடி அளவே இருந்தாலும், பசை போட்டு ஒட்டி மறுபடி எடுக்காதீர்கள். தனியாக வீசுவதற்கும் அது வேண்டாம், பறக்கிற துண்டு பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.