135 லென்ஸை விற்க இருந்தேன்: சின்லோன் கொட்டகையில் ஃபோகஸ் திருத்திய அனுபவம்

மூன்று மாதமாக மண்டையைக் குடைந்த விஷயம் போன சனிக்கிழமை ராத்திரி தீர்ந்தது. சின்லோன் என்பது பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் காலால் தட்டி ஆடும் பர்மிய ஆட்டம். அந்த வட்டத்தின் நடுவில் ஆடும் பெண், முகத்துக்கு நேராக எழும்பும் பந்து. கன்னத்தில் பூசிய தனக்காவின் (பர்மியப் பெண்கள் பூசும் மரப்பட்டைச் சாந்து) தூரிகைக் கோடுகள் தெரிகின்றன, பந்தின் பிரம்புப் பின்னல் தெரிகிறது. கேனான் 135 மி.மீ. எஃப்/2 லென்ஸ், முழுக்கத் திறந்து எடுத்தது. இந்த லென்ஸைத்தான் விற்றுவிடலாம் என்று டப்பாவில் கட்டி வைத்திருந்தேன்.

என்னிடம் இருப்பது கேனான் 7டி மார்க் 2 கேமரா. யாங்கோனில் எங்கள் தெருவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் சாயங்காலம் ஆட்டம் நடக்கும். வட்டத்தின் குறுக்களவு 6.7 மீட்டர், ஆறு பேர், நடுவில் ஒருவர். 2013-இல் நேபிடோவில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியில் புள்ளி கொடுத்து ஆடினார்கள். எங்கள் கொட்டகையில் புள்ளியும் இல்லை, எதிரணியும் இல்லை. கோல் விழும் நேரம் பார்த்து அழுத்தலாம் என்கிற வசதி இதில் கிடையாது. நடுவில் ஆடுபவரின் உடம்பு எந்த நொடியில் அழகாக வளைகிறதோ அதுதான் படம். அதனால் முகத்தில் ஃபோகஸ் விழாத படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஷட்டர் 1/800-க்குக் கீழே போனால் கால் கரைந்துவிடுகிறது. அந்த வெளிச்சத்தில் எஃப்/2 என்றால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200. எஃப் எண் கூடினால் லென்ஸுக்குள் வெளிச்சம் குறையும். எஃப்/2.8 என்றால் 6400, அதில் இந்த பாடி தோல் நிறத்தைக் கெடுக்கிறது. 200 எஃப்/2.8 லென்ஸ் கணக்கிலிருந்து விழுந்தது இதனால்தான். ஜூம் 70-200 எஃப்/2.8-க்கும் அதே கதை, அதோடு ஒன்றரைக் கிலோ கனம் வேறு. 85 எஃப்/1.2 முகத்துக்கு அற்புதம், ஆனால் அதன் ஃபோகஸ் நகரும் வேகத்துக்கு பந்து காத்திருக்காது. ஆக 85 எஃப்/1.8, 100 எஃப்/2, 135 எஃப்/2 மூன்றும் மிஞ்சின. 100-ஐ நண்பர் ஒருவரிடம் வாங்கி இரண்டு ராத்திரி எடுத்தேன். நல்ல லென்ஸ்தான், 85-க்கு அண்ணன் மாதிரி. இரண்டையும் சேர்த்து வைத்திருக்கக் காரணம் தெரியவில்லை.

கொட்டகைச் சுவரில் முதுகை ஒட்டி நின்றால் வட்டத்தின் நடுப்புள்ளி எனக்கு 7 மீட்டர். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 85-இல் தலை முதல் பாதம் வரை ஏறத்தாழ அடங்கும், தூக்கிய பந்து வெட்டுப்படும். 135-இல் தொடைக்கு மேல்தான். 'அப்புறம் எதற்கு 135' என்று கேட்பவர்கள் ஒரு முறை அந்தப் பின்னணியைப் பார்க்க வேண்டும். பின்னால் தொங்கும் துணி, பிளாஸ்டிக் நாற்காலி, பைக் எல்லாம் நிறமாகக் கரைந்து, ஆடுபவர் மட்டும் தனியாக நிற்பார்.

ஆனால் மூன்று மாதமும் அப்படி நிற்கவில்லை. முகம் மெழுகு மாதிரி, பின்னந்தலைக் கொண்டை மட்டும் கூர்மை. லென்ஸ் பழுது என்று முடிவு கட்டினேன். பாங்காக்கிலிருந்து மாமா மகன் கொண்டுவந்த பழைய லென்ஸ் அது. டார்ச் அடித்துப் பார்த்தேன், பூஞ்சை இல்லை. (மே பாதியிலிருந்து அக்டோபர் வரை மழை கொட்டும் ஊரில் பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். இங்கே ஒரு கடையில் வாங்கிய 85-இல் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருந்து, மாற்றித் தரச் சொல்லி ஒரு மாதம் அலைந்தேன். இப்போது எல்லாம் சிலிக்கா ஜெல் போட்ட அரிசி டப்பாவில்தான் இருக்கின்றன.)

நான் ஃபோகஸ் திருத்தாமல் இல்லை. ஃபோகஸை முன்னேயோ பின்னேயோ நகர்த்த கேமராவில் ஓர் எண் வைக்கலாம், கூட்டல் எண் பின்னால் தள்ளும். வீட்டு மாடியில் பட்டப்பகலில் செய்தேன், +7 வந்தது. மாடியிலேயே பெரியம்மாவை உட்காரவைத்து எடுத்தேன், ரோமம் ரோமமாக வந்தது. "ஏண்டா, படம் எடுக்கிறவன் பக்கத்து வீட்டு மாடிக்கே போயிருவ போலிருக்கு" என்றார். முகம் அளவான படத்துக்கே மூன்றரை மீட்டர் பின்னால் போக வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் அது நடக்காது, அங்கே 85தான்.

பகலில் சரி, ராத்திரியில் தப்பு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. கொட்டகையில் இருப்பது பழைய மஞ்சள் பல்புகள். எந்த லென்ஸிலும் எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவிவதில்லை, மஞ்சள் விளக்கில் சிவப்பு அதிகம். ஃபோகஸ் பார்க்கும் சென்சாரும் படம் பதியும் சென்சாரும் அந்த ஒளியை ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. பகலில் பொருந்திய எண் அங்கே போனதும் ஃபோகஸைப் பின்னால் தள்ளியது.

வட்டத்தை நடத்தும் ஊலேயிடம் கேட்டு, அவர்கள் டீ குடிக்கும் கால் மணி நேரத்தை வாங்கிக்கொண்டேன். லென்ஸின் மி.மீ. எண்ணைப் போல ஐம்பது மடங்கு தூரத்தில் திருத்தச் சொல்வார்கள். 135-க்கு அது 6.75 மீட்டர். வட்டத்தின் இந்தக் கோட்டில் ட்ரைபாட், எதிர்க் கோட்டில் கறுப்புக் கட்டம் அச்சடித்த காகிதம், பக்கத்தில் சாய்வாக நிறுத்திய பலகையில் தையல்காரர் இஞ்ச் டேப். அந்தத் தூரத்தில் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 19 செ.மீ., அதனால் சின்ன அளவுகோல் போதாது. ஃபோகஸுக்குத் திரையின் நடுப்புள்ளி மட்டும், எஃப்/2. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் வளையத்தைக் கையால் திருப்பி ஃபோகஸைக் கலைக்க வேண்டும், ஒரு முறை தொலைவுக்கு, மறுமுறை கிட்டத்துக்கு. இதைச் செய்யாமல் எடுத்தால் லென்ஸ் நின்ற இடத்திலேயே நின்று பொய் சொல்லும். முதலில் ஐந்து ஐந்தாக நகர்த்தி, அப்புறம் ஒவ்வொன்றாக. ஓர் எண்ணுக்குப் பத்துப் படம். +1-இல் பத்துக்கு எட்டு விழுந்தது.

ஒரு பிரைம் லென்ஸுக்கு (ஜூம் இல்லாதது) ஒரே எண்ணைத்தான் கேமரா நினைவில் வைக்கிறது. அதனால் லென்ஸ் மூடியில் காகித டேப் ஒட்டி 'பகல் +7, ராத்திரி +1' என்று எழுதியிருக்கிறேன்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது சில ஃபிரேம்கள் இன்னும் பழுப்பாக இருண்டு வருகின்றன. விளக்கின் துடிப்பைத் தவிர்க்கும் ஆன்டி-ஃபிளிக்கர் போட்டும் முழுக்கத் தீரவில்லை. அதற்கு வழி கண்டவர்கள் சொல்லுங்கள்.

அடுத்து 1.4 எக்ஸ்டெண்டர் தேடுகிறேன். 135-இல் மாட்டினால் 189 எஃப்/2.8 ஆகும். பகலில் பீலிக்கான் கோயில் தீமிதிக்கும், பர்மிய வாசோ மாதத்தில் மண்டலே மகாமுனி பௌத்தக் கோயிலில் நடக்கும் சின்லோன் திருவிழாவுக்கும் அது போதும் என்று நினைக்கிறேன். பாங்காக் பக்கம் நல்ல நிலையில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். அதற்கு முன்னால் 85-க்கு ராத்திரி எண் பார்க்க வேண்டும். அதற்குத் தூரம் 4.25 மீட்டர். வருகிற சனிக்கிழமை டீ நேரத்தை ஊலே தருவதாகச் சொல்லியிருக்கிறார்.