நோசிமா சோதனை: 60 தேனீ, 80 கட்டம்

பெட்டி முகப்பில் எச்சக் கறை தெரிந்தால் நோசிமா (தேனீயின் குடலைத் தாக்கும் நுண் ஒட்டுண்ணி) என்று முடிவுகட்டுவதை முதலில் விட்டாயிற்று. இதில் ஏபிஸ், செரானே என்று இரண்டு இனங்கள்; நோசிமா செரானே தொற்றிய கூட்டில் கறையே இல்லாமலும் இருக்கும். குடலை உருவிப் பார்ப்பதும் அரைகுறைதான். தலையைக் கிள்ளி, வயிற்றின் கடைசி வளையத்தை இடுக்கியால் மெல்ல இழுத்தால் குடல் முழுசாக வரும். வளைய மடிப்புகள் மறைந்து, வெளுத்து உப்பியிருந்தால் முற்றிய நோசிமா ஏபிஸ் என்று சந்தேகிக்கலாம். செரானேவில் நிறம் நம்பும்படி மாறுவதில்லை. ஆக, நுண்ணோக்கிதான்.

மாதிரி எடுப்பதில்தான் பாதிக் கணக்கு கெடுகிறது. புதிதாகப் பொரிந்து வந்த தேனீயில் தொற்று இருக்காது. புழு அடையிலிருந்து அள்ளினால் எண்ணிக்கை குறைவாகவே வரும். வாசலை அடைத்து, வெளியிலிருந்து திரும்புகிறவற்றைப் பிடித்து 70% ஆல்கஹாலில் போட வேண்டும்.

60 வயிறுகளைக் கொஞ்சம் தண்ணீரில் அரைத்து, தேனீக்கு 1 மி.லி. கணக்கில் மொத்தம் 60 மி.லி. ஆக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுகிறோம். ஸ்போர் (நோசிமாவின் வித்து) சீக்கிரம் அடியில் தங்கும், அதனால் உறிஞ்சும் முன் குலுக்குவது கட்டாயம். ஹீமோசைட்டோமீட்டரில் (எண்ணுவதற்குக் கட்டம் போட்ட கண்ணாடித் தகடு) நிரப்பி இரண்டு, மூன்று நிமிடம் விட்டு, 400 மடங்கில் பார்க்கலாம். நுண்ணோக்கியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் துளையைக் குறுக்காவிட்டால் ஸ்போர் கண்ணுக்கே படாது. ஒரே அளவில், கருத்த விளிம்போடு, அரிசி மணி போல மின்னுவதுதான் நோசிமா. ஈஸ்ட் அளவு மாறி மாறி இருக்கும், மொட்டும் விடும். உருண்டையாக இருந்தால் கொழுப்புத் துளியா, அமீபா சிஸ்டா (குடல் சார்ந்த வேறொரு ஒட்டுண்ணியின் உறை) என்று பார்க்க வேண்டும்.

16 சிறு கட்டங்கள் கொண்ட 5 தொகுதிகள், மொத்தம் 80 கட்டம். கோட்டின் மேல் விழுந்தவற்றில் மேல், இடது கோடுகளில் இருப்பவை மட்டுமே கணக்கு. ஒரு கட்டத்தின் சராசரியை 40 லட்சத்தால் பெருக்கினால் ஒரு தேனீக்கான ஸ்போர். அதாவது எண்ணிய ஒவ்வொன்றும் 50,000. இருபது வந்தால் 10 லட்சம், மருந்து கொடுக்கலாமா என்று முடிவெடுக்கப் பலரும் எல்லையாக வைக்கும் அளவு. மூன்று, நான்கு என்று வரும்போது மறுபடி நிரப்பி எண்ணுங்கள், பெரிதும் மாறும். உரலைச் சரியாகக் கழுவாவிட்டால் முந்தைய கூட்டின் ஸ்போரும் சேர்ந்து வரும்.

சராசரியும் ஏமாற்றும். இரண்டு தேனீயில் தலா 3 கோடி, மற்ற 58-ல் எதுவுமில்லை என்றாலும் அதே 10 லட்சம்தான். அதனால் ஒவ்வொரு கூட்டிலும் 120 பிடித்து, பாதியை எடுத்து வைக்கிறோம். எல்லையைத் தாண்டிய கூட்டுக்கு அந்த 60-ஐயும் தனித்தனியாக நசுக்கி, உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கிறோம். சலிப்பான வேலை. ஆனால் 5% தேனீக்களில் தொற்று இருந்தாலும், அறுபதில் ஒன்றாவது சிக்க 95% வாய்ப்பு உண்டு.

ஏபிஸா, செரானேவா என்பதை ஸ்போர் அளவை வைத்துச் சொல்ல முடியாது; பி.சி.ஆர். (மரபணுச் சோதனை) வேண்டும். அதற்கான தேனீக்களை 95% ஆல்கஹாலில் தனியாக வைப்பது நல்லது.