பாட்டியின் வேதாகமத்தைப் பிரித்துத் தைத்த மூன்று மாதம்

பாட்டி இறந்த பிறகு அவர் வாசித்த வேதாகமம் அத்தையிடம் வந்தது. முன்னட்டை தனியாகக் கழன்றிருந்தது. முதுகுத் தோல் தொட்டால் செம்மண் தூள்போல விரலில் ஒட்டியது. நடுவில் சங்கீதம் இருக்கும் பகுதி மட்டும் ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது. அத்தை அதைப் பழைய தலையணை உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். நான் இரண்டு வருடமாக நோட்டுப் புத்தகங்களை நூல் போட்டுத் தைத்துப் பழகிவருவது அவருக்குத் தெரியும். "உன் கையால பண்ணுனா எனக்கு நிம்மதி, எடுத்துட்டுப் போம்மா" என்றார்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. செய்ததை எழுதிவைக்கிறேன். வீட்டில் இப்படி ஒரு புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு உதவலாம்.

முதல் வாரம் ஊசியையும் பசையையும் தொடவே இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டி, உள்ளே இருந்த சீட்டுகளை எடுத்தேன். மொத்தம் 37. ஆராதனை ஒழுங்கு அச்சிட்ட தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் ஜெபிக்க வேண்டியவர்களின் பெயர்களை எழுதியிருந்தார். சபையில் யார் படுக்கையில் விழுந்தாலும் பெயர் அதில் ஏறும். குணமானால் பெயரின் மேல் ஒரு கோடு. இறந்துபோனால் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை. அந்தச் சிலுவைகளை எண்ண எனக்கு மனம் வரவில்லை. மலிவான தாளில் இருக்கும் அமிலம் எதிர்ப்பக்கத்தையும் பழுப்பாக்கும், குண்டூசியின் துரு தாளையே தின்றுவிடும் என்பதால் சீட்டுகளைத் தனி உறையில் வைத்தேன். ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டேன். இதை மட்டும் யாரும் தவறவிடாதீர்கள். எடுத்த பிறகு இடம் மறந்துவிட்டால் மறந்ததுதான்.

பாட்டி வைத்திருந்தது பவர் திருப்புதல். ஹென்றி பவர் தலைமையில் நடந்த திருத்தத்தில் 1871-இல் வந்த மொழிபெயர்ப்பு அது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததிலிருந்து தமிழ் வேதாகமம் எத்தனையோ கைகளைக் கடந்துவந்திருக்கிறது. 1995-இல் வெளியான பொது மொழிபெயர்ப்பை நாங்கள் வாங்கிக் கொடுத்தபோது சந்தோஷமாக வாங்கிக்கொண்டார், ஆனால் ஜெபத்துக்கு உட்காரும்போது கை போனது இதற்குத்தான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானது என்பதால் 'லை', 'ணை' எல்லாம் யானைத் தும்பிக்கைபோல மேலே சுழித்து இருக்கும். ஓரங்களில் பாட்டி எழுதிய குறிப்புகளிலும் அதே சுழிதான். கடைசிவரை அவர் அதை மாற்றவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். இந்தப் புத்தகத்தில் 48 ஃபாரம், அதாவது மடித்து ஒன்றாகச் சேர்த்துத் தைக்கும் தாள் கட்டு. ஒவ்வொன்றும் 32 பக்கம். முதுகில் பழைய வச்சிரப் பசை (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சுவது) கண்ணாடிபோல இறுகி, விரிசல் விட்டிருந்தது. அதைச் சுரண்டினால் தாளும் கூடவே வந்துவிடும். கெட்டியான ஸ்டார்ச் பசையை அதன் மேலேயே பூசி, கால் மணி நேரம் விட்டால் இளகிக் கொடுக்கிறது. அப்புறம் மழுங்கிய மூங்கில் குச்சியால் மெதுவாகத் தள்ளலாம். மூன்று தடவை பூச வேண்டியிருந்தது.

பசை பற்றி ஒரு வார்த்தை. பைண்டிங் செய்பவர்கள் பலர் மைதா பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். துத்தம் என்பது செம்பு உப்பு, அது நாளடைவில் தாளை நொறுங்கவைக்கும். அதனால் குளூட்டன் என்னும் பசைப்புரதம் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் வாங்கி, ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து, கை விடாமல் கிளறிக் காய்ச்சி, ஆறியதும் சல்லடையில் தேய்த்து எடுத்தேன். நான்கு நாளுக்கு மேல் வைக்கவில்லை, கெட்டுவிடும். இதன் பெரிய நன்மை, பிறகு யாராவது பிரிக்க நினைத்தால் தண்ணீர் தொட்டாலே விட்டுக்கொடுக்கும். நான் செய்தது தப்பென்று எனக்குப் பின்னால் வருகிறவர் நினைத்தால், அவர் அதை மாற்ற முடிய வேண்டும்.

ஆனால் அந்தத் தண்ணீர்தான் எனக்கு ஒரு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே இருந்த வெற்றுத் தாளில் குடும்பத்தின் பிறப்பு, கல்யாணம், மரணம் எல்லாவற்றையும் பாட்டி மைப்பேனாவால் எழுதியிருந்தார். தாளின் ஓரக் கிழிசலில் ஜப்பானிய மெல்லிய தாளை ஒட்டினேன். பசையின் ஈரம் ஊறிப் பரவி, கடைசிச் சித்தப்பா பிறந்த தேதியில் நீலம் கலைந்துவிட்டது. எழுத்தைச் சோதிக்காமல் ஈரத்தைக் கொண்டுபோனது என் அவசரம். பஞ்சு முனையை நனைத்து ஒரு புள்ளியில் ஒற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அழுதுகொண்டே சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அம்மா எழுதினது கலைஞ்சா கலையட்டும்மா. நான் பொறந்த நாள் எனக்கு மறக்கவா போகுது. நீ மிச்சத்தைப் பார்த்துச் செய்" என்றார்.

அதன்பிறகு மை இருக்கும் இடத்துக்கெல்லாம் வேறு வழி. மெல்லிய தாளில் முன்கூட்டியே பசை பூசிக் காயவைத்து, தேவையான அளவு கிழித்து, ஈரமான ஸ்பஞ்சில் அந்தத் துண்டை மட்டும் லேசாக ஒற்றி வைத்து அழுத்துவது. பக்கத்தில் ஈரம் ஏறுவதே இல்லை. 19 ஃபாரங்களின் வெளித்தாள் மடிப்பில் கிழிந்திருந்தது. எல்லாவற்றையும் இந்த முறையில்தான் ஒட்டினேன்.

சுத்தம் செய்யும்போது சங்கீதம் 119-இல் வந்து நின்றுவிட்டேன். அந்தச் சங்கீதத்தில் 176 வசனம். எட்டெட்டாக 22 பகுதி. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு எட்டு வசனத்தைப் பாட்டி பிரித்துக் கொடுத்துவிடுவார். மனப்பாடமாகச் சொன்னால் மடியில் உட்காரவைத்து நெற்றியில் கை வைத்து ஜெபிப்பார். எனக்கு வந்தது 105 முதல் 112 வரை. ஓரத்தில் பென்சிலால் என் பெயர், அதன் கீழே மூன்று சிறு கோடுகள். மூன்று தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன் போல. சில பகுதிகளில் இரண்டு பெயர். ஒரு பெயரில் கோடே இல்லை. பெரியப்பா மகன், ஐந்து வயதில் போய்விட்டான். கீழ் மூலை முழுவதும் எண்ணெயும் வியர்வையும் ஏறி, தாள் ஒளி ஊடுருவும் அளவுக்கு இருந்தது. ரப்பர் தூள் போட்டுத் துடைப்பது வழக்கமான வேலைதான். அந்த எட்டுப் பக்கத்தில் நான் தூளைப் போடவில்லை. அழுக்கு அப்படியே இருக்கிறது.

அந்த ஃபாரத்தைப் பிரிக்கப் போனபோது இன்னொன்று தெரிந்தது. அதில் மட்டும் வேறு நூல். வெள்ளைப் பருத்தி நூல், இரட்டையாக்கி, நெருக்கமான சின்னச் சின்னத் தையல். கோவிலில் பீடத்துணிக்கு ஓரம் தைப்பது பல வருடம் பாட்டியின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய், தான் தைத்த துணியை விரித்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டுத்தான் உட்காருவார். அதே தையல் இது. எப்போதோ அந்தப் பக்கங்கள் கழன்றுவர, யாரிடமும் சொல்லாமல் அவரே தைத்துக்கொண்டிருக்கிறார். பைண்டிங் முறைப்படி அது தவறான தையல். மடிப்பில் போகாமல் பக்கவாட்டில் குத்தியிருந்தது, அதனால்தான் அந்தப் பகுதி துருத்திக்கொண்டு நின்றது. பிரித்துவிட்டு முறையாகத் தைப்பதே சரி. இரண்டு நாள் கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பிரிக்கவில்லை. அந்தத் தையலை அப்படியே விட்டு, அதன் மேலும் கீழும் என் நூலைக் கொண்டுபோய் மற்ற ஃபாரங்களோடு சேர்த்தேன்.

தைக்கும்போது முதலில் எடுத்த லினன் நூல் கனமாகிவிட்டது. ஒவ்வொரு ஃபாரத்துக்குள்ளும் ஒரு சுற்று நூல் போகிறது, ஒட்டிய மெல்லிய தாளும் சேர்கிறது. பத்தாவது ஃபாரத்திலேயே முதுகு முன்பக்கத்தைவிட உப்பிவிட்டது. எல்லாவற்றையும் அவிழ்த்து, பாதிக் கனத்தில் வேறு நூல் எடுத்து, தேன்மெழுகில் இழுத்துத் தைத்தேன். பழைய ஊசித் துளைகளிலேயே போனேன், புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து ஃபாரம், அதற்கு மேல் கண் தாங்காது.

பாட்டி இருந்தபோது இந்தப் புத்தகத்தை மேசையில் நிறுத்திக் கையை விட்டால் தானாகவே 119-இல் திறக்கும். சிறுவயதில் எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. புதிதாகத் தைத்தால் அந்தப் பழக்கம் போய்விடும் என்று எனக்குள் பயம் இருந்தது. முதுகில் துணி ஒட்டி, பலகைகளுக்கு நடுவே ஒரு வாரம் அழுத்தத்தில் வைத்து எடுத்த அன்று, நிறுத்திக் கையை விட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றது. பிறகு நடுவில் மெல்லப் பிளந்து, வெள்ளைத் தையல் இருந்த இடத்தில் திறந்தது.

அட்டைக்குத் தோல் ஒட்டும் வேலை பாக்கி. ரிப்பனும் வைக்க வேண்டும். குடும்பத் தாளில் பாட்டி போன தேதியை எழுத, நீரில் கரையாத மை உள்ள பேனா வாங்கி வைத்திருக்கிறேன். அத்தைதான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நேற்று அட்டையில்லாமலே கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பெயர் இருந்த எட்டு வசனத்தைத் தேடி, விரலை வைத்துச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். அளவெடுக்கக் கொண்டுபோன ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.