வெள்ளை வட்டம், கறுப்பு வட்டம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அப்பா இருந்தவரை அவ்வப்போது துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார், அவருக்குப் பிறகு யாரும் கவனிக்கவில்லை. சூடான பாத்திரம் வைத்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வட்டம், பூந்தொட்டிக்கு அடியில் இருந்த இரும்புத் தாங்கி பதிந்த கறுப்பு வட்டம் ஒன்று, நடுவில் பாலிஷ் செதில் செதிலாக உரிந்துபோய்க் கையில் குத்தியது. தூக்கிப் போட மனசு வரவில்லை, அதனால் நானே இறங்கிவிட்டேன்.

பழைய மேசையைக் கையில் எடுப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதுதான்: உப்புத்தாளைத் தொடுவதற்கு முன்னால் கறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாலிஷில் இருக்கிறதா, மரத்துக்குள் இருக்கிறதா? வெள்ளை வட்டம் பெரும்பாலும் மேல்பூச்சுக்குள் ஈரம் சிக்கியதால் வருவது, மரத்துக்கு அதில் ஒன்றும் ஆகியிருக்காது. பழைய பூச்சை எடுத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். கறுப்பு வட்டம் அப்படியில்லை. இரும்பும் தண்ணீரும் மரத்தில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து உண்டாகும் நிறம் அது, இழைக்குள் இறங்கியிருக்கும். எங்கள் மேசை ஓக் மரம், அதில் டானின் நிறையவே உண்டு. இதை உப்புத்தாளால் தேய்த்தே எடுத்துவிடலாம் என்று இறங்கினால் கறை போகும் முன்னே அந்த இடம் பள்ளமாகிவிடும்.

அடுத்து, மேலே பூசியிருப்பது என்ன என்று தெரிய வேண்டும். மேசையின் அடிப்பக்கத்தில், கண்ணில் படாத ஒரு மூலையில் கொஞ்சம் ஸ்பிரிட்டை (எரிசாராயம்) துணியில் தொட்டு வைத்தேன். ஒரு நிமிடத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது. அப்படியென்றால் அரக்குப் பாலிஷ். அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவார்கள், எத்தனை வருடம் ஆனாலும் ஸ்பிரிட் பட்டால் மறுபடி இளகும். சீக்கிரம் காயும் லாக்கர் பூச்சாக இருந்தால் லாக்கர் தின்னருக்கு இளகும், நன்றாக இறுகிய பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பிசின் வார்னிஷ் இரண்டுக்குமே அசையாது. இந்த ஒரு சோதனையால் உப்புத்தாளால் தேய்த்துத் தூசியில் நிற்கும் ஒரு முழு நாள் எனக்கு மிச்சமானது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியை விரித்து, ஆவியாகிப் போகாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, பத்து நிமிடம் கழித்து மழுங்கிய தகட்டால் வழித்தேன், பழுப்பு நிறக் கூழாக வந்தது. ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு எதுவும் கூடாது. அரக்கை மிச்சம் வைக்காமல் எடுக்கவும் வேண்டும், ஏனென்றால் மெழுகு நீக்காத அரக்கின் மேல் நான் கடைசியில் பூசப்போகும் பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது.

வெள்ளை வட்டங்கள் எல்லாம் கூழோடு போய்விட்டன. கறுப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது.

அதற்கு ஆக்ஸாலிக் அமிலம். பொடியை வெந்நீரில் கரைத்து, கறை மேல் மட்டும் பூசாமல் பலகை முழுக்கப் பூசினேன், இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தனியாகத் தெரியும். இது நச்சுப் பொருள், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். காய்ந்த பிறகு மேலே வெள்ளையாகப் படிகம் நிற்கும், அதை உலர்ந்தபடி தட்டவோ தேய்க்கவோ கூடாது, மூக்கில் போனால் எரிச்சல் தாங்காது. தண்ணீர் விட்டு மூன்று நான்கு தடவை கழுவித் துடைத்தேன். வட்டம் முக்கால்வாசி மறைந்து லேசான நிழல் மட்டும் நின்றது. இரண்டாவது முறையும் செய்திருக்கலாம், எனக்கு அது போதும் என்று பட்டது.

அப்புறம் நசுங்கல்கள். நான் சின்ன வயதில் கரண்டியால் தட்டித் தட்டி உண்டாக்கிய பள்ளங்கள் ஒரு ஓரம் முழுக்க இருந்தன. நசுங்கியது வேறு, வெட்டுப்பட்டது வேறு. நசுங்கிய இழை அறுபடவில்லை, அமுங்கித்தான் கிடக்கிறது, ஈரத்துணியை மேலே போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியால் சில நொடி அழுத்தினால் நீராவி உள்ளே போய் இழை உப்பி மேலே வரும். கண்முன்னால் பள்ளம் நிரம்புவதைப் பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கத்தி வெட்டிய கோடுகளுக்கு இது உதவாது, அவை இன்னும் இருக்கின்றன.

தேய்ப்பதற்கு முன் பலகையின் ஓரத்தைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை பக்கவாட்டிலும் தொடர்ந்தால் முழு மரம். தொடரவில்லை என்றால் வெனீராக, அதாவது வேறு பலகை மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடாக இருக்கலாம், இப்போது வரும் வெனீர் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, மெஷினை வைத்தால் நிமிடத்தில் ஓட்டை விழும். எங்களுடையது முழு மரம், 120, 180, 220 என்று சொரசொரப்பான உப்புத்தாளிலிருந்து மென்மையான தாளுக்கு வரிசையாகப் போனேன். நம்பரைத் தாண்டிக் குதிக்கக் கூடாது, ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். ஒரு மூலையில் கை வலித்து நான் குறுக்கே தேய்த்துவிட்டேன், அப்போது ஒன்றும் தெரியவில்லை. டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்ததும் கோடு கோடாக எழுந்து நின்றது. பூச்சு பூசிய பிறகு தெரிந்திருந்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அதனால் கடைசியில் ஒருமுறை டர்பன்டைனால் துடைத்துப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள், மரம் பூச்சுக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் சாயம் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

பூச்சுக்கு எண்ணெய் வகை பாலியூரித்தேன். அரக்கு அழகுதான், ஆனால் தினமும் சூடும் ஈரமும் படும் மேசைக்கு அது தாங்காது. கொஞ்சம் டர்பன்டைன் கலந்து இளக்கி, துணியால் மெல்லிசாகத் துடைத்த மாதிரி நான்கு கை, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள் காயவிட்டு 320 தாளால் லேசாக ஒரு தடவல். தடிமனாக ஒரே கையில் பூசினால் வழிந்து நிற்கும், தூசி ஒட்டும்.

துணிகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆளி விதை எண்ணெயோ எண்ணெய் வகை வார்னிஷோ நனைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும், துணி சுருண்டு கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட தகர டப்பாவில் போட வேண்டும். வீடு எரிந்த கதைகள் உண்மையானவை.

தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் பூச்சு முழுதாக இறுக ஒரு மாதம் வரை ஆகும். மூன்று நாள் கழித்துத் தட்டு வைக்கத் தொடங்கினோம், விரிப்பும் சூடான பாத்திரமும் இன்னும் இல்லை. "எப்போடா பழையபடி பாத்திரத்தை மேலே வைக்கலாம்?" என்று அம்மா நேற்றும் கேட்டார். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.