மார்பகப் புற்றுநோய், ஆன்கோபிளாஸ்டி, அப்புறம் அந்த இன்சூரன்ஸ் டெஸ்க்

மார்பில் கட்டி என்று போனதும், "சின்னதுதான்மா, நாளைக்கே எடுத்துடலாம்" என்று எந்த நர்சிங் ஹோமிலாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் ஊரில் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஊசி பயாப்சி பார்க்காம யாரையும் கத்தி வைக்க விட்டுறாத" என்று அவர்தான் தடுத்தார். ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பதுதான் அது. கட்டிக்கு நேர் மேலே கிழித்து எடுத்த பிறகு அது புற்றுநோய் என்று தெரிந்தால், அடுத்த ஆபரேஷன் அந்தத் தழும்பையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். எங்கே கீறினால் வெளியே தெரியாது என்று யோசிக்கும் வாய்ப்பே குறைந்துவிடும்.

ஊசி பயாப்சி ஆனது. புற்றுநோய்தான். அந்த வாரம் அழுததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

சென்னையில் போன ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஸ்லைடும் பிளாக்கும் வேணும், இங்க மறுபடி பார்க்கணும்" என்றார்கள். ஸ்லைடு, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கண்ணாடித் துண்டு; பிளாக், பயாப்சியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைப்பது. தம்பி ரயிலேறி ஊருக்குப் போனான். லேபில் ஸ்லைடை மட்டும் கொடுத்து, "ரிப்போர்ட்தான் குடுத்தாச்சே, பிளாக் எதுக்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக்கொண்டு மறுபடி அலைந்த பிறகுதான் பிளாக் டிராயரிலிருந்து வெளியே வந்தது. தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டம், அதில் மெழுகு, மெழுகுக்குள் நூல் நூலாக வெளிறிய சதை. ஓரத்தில் பென்சிலால் எழுதிய நம்பர். என் மொத்த வைத்தியமும் அதை நம்பித்தான் இருந்தது. எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் இ.ஆர், பி.ஆர், ஹெர்-2 பரிசோதனை எல்லாம் அதிலிருந்துதான் பார்க்கிறார்கள். முதல் தடவை போகும்போதே கடிதத்தோடு போங்கள், பிளாக்கை வெயில் படாமல் கொண்டு வாருங்கள்.

மார்பு முழுவதையும் எடுக்கத் தேவையில்லை என்று சர்ஜன் சொன்னபோது நான் நம்பவில்லை. இத்தாலியின் மிலன் நகரத்தில் வெரோனெசி என்ற டாக்டர் 1973-இல் தொடங்கி 701 பெண்களை வைத்துச் செய்த ஆய்வைச் சொன்னார். பாதிப் பேருக்கு மார்பு முழுவதும் எடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 20 வருடம் கழித்து, 2002-இல் வந்த முடிவில் உயிர்பிழைப்பில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. அந்தக் காலத்தில் எடுத்த இடம் குழியாகவே நிற்குமாம். இப்போது காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்திலோ, மார்புக்கு அடி மடிப்பிலோ, அக்குள் சுருக்கத்திலோ கீறி, உள்ளே போய்க் கட்டியை எடுத்து, பக்கத்துச் சதையை நகர்த்திக் குழியை நிரப்பிவிடுகிறார்கள். இதுதான் ஆன்கோபிளாஸ்டி. எல்லோருக்கும் ஒத்துவராது; கட்டியின் அளவு, இடம், மார்பின் அளவு எல்லாம் பார்ப்பார்கள். எடுத்த சதையின் விளிம்பில் புற்றுநோய் இருந்தால் மறுபடி ஆபரேஷன், தேவைப்பட்டால் முழுவதும் எடுக்கவும் நேரும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்.

"இந்த வயசுல தழும்பு எங்க இருந்தா என்ன அண்ணி?" என்றாள் நாத்தனார். தினமும் குளிக்கும்போது பார்க்கப்போவது நான்.

ஆபரேஷன் அன்று காலை. முந்தின இரவிலிருந்து வயிறு காலி. என்னை உட்காரவைத்து மார்க்கரால் மடிப்பையும் வட்டத்தையும் வரைந்தார் சர்ஜன். படுத்தால் எல்லாம் இடம் மாறிவிடுமாம். மை காய்வதற்குள் இன்சூரன்ஸ் டெஸ்கிலிருந்து கூப்பிட்டார்கள். "மேடம், டிபிஏ-ல க்வெரி போட்டிருக்காங்க. அழகு சம்பந்தப்பட்டது பாலிசில வராது." டிபிஏ என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்மைச் சரிபார்க்கும் நிறுவனம். அதற்குள் தியேட்டர் நேரம் இன்னொருவருக்குப் போய்விட்டது. இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். வரைந்த கோடுகளோடு வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் பாலிசிப் புத்தகத்தைப் புரட்டினேன். விலக்குகள் பட்டியலில் 08 என்ற எண்ணில் காஸ்மெட்டிக், பிளாஸ்டிக் சர்ஜரி வராது என்றுதான் ஆரம்பிக்கிறது. டெஸ்கில் இருப்பவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே வாக்கியத்தின் பின்பாதியில், விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகான சீரமைப்புக்கு இது பொருந்தாது என்று இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ 2019-இல் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக வகுத்த வாசகம் இது. ஜெராக்ஸ் எடுத்துப் பின்பாதிக்கு மஞ்சள் அடித்தேன். கட்டி அகற்றலும் சீரமைப்பும் ஒரே ஆபரேஷன், பிரிக்க முடியாது என்று சர்ஜனிடம் நாலு வரி எழுதி வாங்கினேன். டெஸ்கில் இருந்த பையனிடம், "தம்பி, இதைச் சத்தமாப் படிங்க" என்றேன். படித்தான். பின்பாதிக்கு வந்தபோது குரல் இறங்கியது. அன்று சாயங்காலமே அப்ரூவல் வந்துவிட்டது. எஸ்டிமேட்டிலேயே இரண்டையும் ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள், தனித்தனியாகப் போட்டால் இந்தக் கூத்துதான்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. புற்றுநோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் அக்குள் நெறிகட்டியைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் போடுவார்கள். மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகும். யாரும் எனக்குச் சொல்லவில்லை, பாத்ரூமில் அலறிவிட்டேன். இப்போது இருப்பது கருவட்ட ஓரத்தில் ஒரு கோடு, அக்குள் மடிப்பில் ஒரு கோடு.

அடுத்த வம்பு கதிர்வீச்சில் வந்தது. தழும்பு ஓரிடம், கட்டி இருந்தது வேறிடம், நடுவில் சதையை வேறு நகர்த்தியிருக்கிறார்கள். கட்டி இருந்த இடத்துக்கென்று கொடுக்கும் கூடுதல் டோஸை எங்கே குறிவைப்பது? அதற்காகத்தான் கட்டி எடுத்த இடத்தைச் சுற்றி சர்ஜன் சின்னச் சின்ன டைட்டானியம் கிளிப் வைக்கிறார். என் டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஸ்கேன்ல தெரியுது, ஆனா எத்தனை, எங்கன்னு எழுத்துல வேணும்" என்றார் கதிர்வீச்சு டாக்டர். ரெக்கார்ட்ஸ் பிரிவில் "சம்மரி ஒரு தடவைதான் தருவோம்" என்று ஓர் அம்மா கறாராக நின்றார். சம்மரி வேண்டாம், ஆபரேஷன் நோட்ஸ் நகல் போதும் என்று கேளுங்கள். அதற்குத் தனி விண்ணப்பம் இருக்கிறது என்பதை அங்கே இருந்த வார்டு பாய்தான் காதோடு சொன்னார். அந்த நோட்ஸில் கிளிப் விவரம் முழுவதும் இருந்தது. வீடு திரும்பும் நாளிலேயே அதை வாங்கிவிடுங்கள், சீல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்கு சீல் இல்லாமல் கொடுத்து, மறுபடி கியூவில் நிற்கவைத்தார்கள்.