பெல்ட்டில் புது ஓட்டை

ஜூன் 3
அப்பாவின் கண் மஞ்சளாக இருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். மஞ்சள்தான்.

ஜூன் 4
ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி 9.4. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது. வயிறு வலிக்கிறதா என்று டாக்டர் மூன்று முறை கேட்டார். "இல்லவே இல்லை" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். வலி இல்லாத காமாலை என்றதும் டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

ஜூன் 6
ராத்திரி முழுக்கச் சொறிகிற சத்தம். சீப்பால் முதுகைத் தேய்த்துக்கொள்கிறார். பித்தநீர் குடலுக்குப் போக வழியில்லாமல் ரத்தத்தில் தங்கினால் இப்படித்தான் அரிக்குமாம். துருவிக் கேட்டதும் மற்றதும் வந்தது: சிறுநீர் கறுத்திருக்கிறது, மலம் களிமண் நிறத்தில் பிசுபிசுவென்று மிதக்கிறது. மூன்று வாரமாக! "இதையெல்லாமா வெளியே சொல்வார்கள்?"

ஜூன் 7
சிடி ஸ்கேன். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, 2.8 செ.மீ.

ஜூன் 8
நாற்காலியில் அப்பாவின் பெல்ட். கடையில் போட்ட ஓட்டைகளைத் தாண்டி, ஆணியால் குத்திய ஒன்று கோணலாக இருக்கிறது. போன வருஷம் 61 வயதில் திடீரென்று சர்க்கரை வந்தது. நடந்தார், இனிப்பை விட்டார், இளைத்தார். நாங்கள் கை தட்டினோம். அந்த ஓட்டையைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பியதே நான்தான். முதுகு வலிக்கிறது என்று தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார், மெத்தையை மாற்றினோம். மெத்தையை!

புதிதாகச் சர்க்கரை வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கணையப் புற்றுநோய் இருக்காது என்கிறார் டாக்டர். ஐம்பதுக்கு மேல் சர்க்கரையும் வந்து, எடையும் காரணமில்லாமல் இறங்கினால் யோசிக்க வேண்டுமாம். எங்களிடம்தான் காரணம் இருந்ததே.

ஜூன் 10
எண்டோஸ்கோப்பி வழியாக, அடைத்த பித்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தார்கள். பயாப்சிக்குக் கட்டியிலிருந்து துணுக்கும் எடுத்தாயிற்று.

ஜூன் 13
சொறியும் சத்தம் குறைந்திருக்கிறது. தூக்கம் எனக்குத்தான் வரவில்லை.

சிஏ 19-9 எகிறியிருக்கிறது, ரத்தத்தில் பார்க்கிற புற்றுநோய் அடையாளம். பித்தக்குழாய் அடைத்தாலே அது ஏறும், காமாலை இறங்கியபின் மறுபடி பார்க்கலாம் என்றார்கள். சரி. ஆனாலும் அந்தத் தாளை நாலு முறை பிரித்துப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 14
சித்தப்பா போன் செய்தார். "வெறும் காமாலைதானே?" பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

ஜூன் 16
கண்டுபிடிக்கும்போதே அறுவை சிகிச்சை செய்யக்கூடிய நிலையில் இருப்பவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தானாம். கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய்கள். கட்டி அவற்றைச் சுற்றிவிட்டதா, தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்பதுதான் இப்போது கேள்வி. தொட்டுக்கொண்டு. தொட்டுக்கொண்டு. நாள் முழுக்க இதுவே.

ஜூன் 17
முதல் வாய்ச் சாப்பாட்டோடு, செரிமானத்துக்கான என்சைம் மாத்திரை. மறந்தால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. எடை 200 கிராம் கூடியிருக்கிறது. மெஷின் கோளாறோ என்று நானும் ஏறிப் பார்த்தேன். இல்லை.

ஜூன் 18
நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா பெல்ட்டோடு வந்து நின்றார். "ஆணி எங்கே வைத்தாய்?"