படிப்பும் டெனிசும்

இந்திய டெனிஸ் வீரர் சோம்தேவ் தேவ்வர்மனை எங்கட பிள்ளைகள் கட்டாயம் அறிஞ்சிருக்க வேணும். சென்னையில வளர்ந்தவர். அமெரிக்காவில வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில படிச்சுக்கொண்டே 2007, 2008 இரண்டு வருசமும் கல்லூரி ஒற்றையர் சம்பியன். 2007 இறுதியில அவரிட்டத் தோத்தது ஆர் தெரியுமோ? பிறகு பெரிய பேர் எடுத்த அமெரிக்க வீரர் ஜோன் இஸ்னர்!

படிப்பு முடிச்சுத்தான் தொழில்முறை ஆட்டத்துக்கு முழுசா இறங்கினார். 2009 சென்னை ஓபனில வைல்ட் கார்டோட (தரவரிசை போதாட்டாலும் போட்டி நடத்திறவை குடுக்கிற இடம்) வந்து மோயா, கார்லோவிச் எண்ட பெரிய வீரர்களைச் சாய்ச்சு இறுதிவரை போனார். இறுதியில குரோஷிய வீரர் சிலிச்சிட்டத் தோத்தாலும் என்ன ஆட்டமப்பா அது! பெரிய சேர்வ் (ஆட்டத்தைத் தொடங்கிற அடி) இல்லை, ஓடி ஓடியே பந்தைத் திருப்பினவர். 2010 ஆசிய விளையாட்டில இரண்டு தங்கம், 2011இல உலகத் தரவரிசையில 62. பிறகு தோள்பட்டைக் காயம்.

திருகோணமலையில டியூசன் பையோட ராக்கெட்டும் கொண்டுபோற பெடியளைத் தயவுசெய்து மறிக்காதேங்கோ. ராக்கெட்டுக்கு நரம்பு கட்டத் தெரிஞ்ச ஆரும் இஞ்ச இருந்தாச் சொல்லுங்கோ, மருமகனுக்குத் தேவைப்படுது.